புலன்கள் சொல்வதும் சொல்லாததும்

அரபுக் கல்லூரிகளில் அகீதா பாடமாக ஓதிக் கொடுக்கப்படும் நூல்களுள் 'ஷரஹுல் அகாயித்' முதன்மையானது. இமாம் நஸஃபீ (மறைவு கி.பி. 1142) அவர்களின் சுருக்கமான மூலத்துக்கு, 14ஆம் நூற்றாண்டில் அல்லாமா தஃப்தாஸானீ வரைந்த விரிவுரை அது. அதன் மூலம் இறைவனைப் பற்றிய பேச்சோடு தொடங்குவதில்லை என்பது, முதன்முறை ஓதும் மாணவருக்கு வியப்பளிக்கும். பொருள்களுக்கு உண்மையான இருப்பு உண்டா, அதனை மனிதனால் அறிய இயலுமா என்னும் வினாக்களே அங்கு முதலில் நிற்கின்றன. அவற்றுக்கு விடை கண்ட பின்னர், அறிவு வந்து சேரும் வாயில்கள் மூன்று என அந்நூல் வகுக்கிறது: குறையற்ற புலன்கள், உண்மையான செய்தி (ஃகபர் ஸாதிக்), பகுத்தறிவு (அக்ல்). தமிழ் அளவை நூலார் காட்சி, கருதல், உரை என்று வகுத்த மூன்றும் இவற்றுக்கு மிக நெருங்கியவை.

இப்பாடத்தின்போது மாணவர் ஒருவர் கேட்டார்: "உஸ்தாத், ஆதாரம் என்றால் கண்ணால் காண்பதோ கருவியால் அளப்பதோதானே? மற்ற இரண்டும் நம்பிக்கை அல்லவா?" இக்கேள்வியைக் கடிந்து அடக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. அது தவறு. இன்று கல்லூரி வாயிலை மிதிக்கும் நம் பிள்ளைகள் அனைவரின் உள்ளத்திலும், கேட்கப்பட்டோ கேட்கப்படாமலோ, இது இருக்கிறது.

முதலில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'புலனறிவால் நிறுவப்படாத எதுவும் அறிவாகாது' என்னும் கூற்று எந்தப் புலனால் நிறுவப்பட்டது? அதை எந்தத் தொலைநோக்கியும் காட்டியதில்லை. எந்தத் தராசும் நிறுத்ததில்லை. அது சோதனைக் கூடத்துக்கு வெளியே நின்று, சோதனைக் கூடத்தைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு தத்துவத் தீர்ப்பு. அத்தீர்ப்பைத் தருவது புலன் அன்று, மற்றொரு வாயில்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (கி.பி. 1058–1111) இதனை வாதத்துக்காகப் பேசியவர் அல்லர், பட்டு உணர்ந்தவர். 'அல்முன்கிது மினள் ளலால்' என்னும் தம் வரலாற்று நூலில், எதை நம்புவது என்று தெரியாமல் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் ஐயத்தின் பிடியில் கிடந்ததைக் கூறுகிறார்கள். நிழலைக் கண் பார்க்கிறது, அசையவில்லை என்கிறது. சிறிது நேரம் கழித்துப் பார்த்தால் அது நகர்ந்திருக்கிறது. விண்மீன் ஒரு தீனார் அளவே இருப்பதாகக் கண் சொல்கிறது. அது பூமியினும் பெரியது என்று கணிதம் சொல்கிறது. 'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்று நம் வழக்கிலும் உண்டு. ஆனால் இமாமவர்கள் தீர விசாரிக்கும் அறிவையே அடுத்து விசாரித்தார்கள். புலனின் பிழையை அறிவு காட்டிக் கொடுத்ததுபோல், அறிவின் பிழையைக் காட்டிக் கொடுக்கும் மேலான நீதிபதி ஒருவர் இல்லையென்று எப்படித் துணிவது? கனவில் இருப்பவருக்கும் கனவு மெய்யாகத்தானே தோன்றுகிறது?

'தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா'வின் பதினேழாம் விவாதம் இதனினும் நுட்பமானது. பஞ்சு நெருப்பைத் தொடுகிறது, எரிகிறது. நாம் கண்டது என்ன? தொட்டபோது எரிந்ததைக் கண்டோம். நெருப்பால் எரிந்தது என்பதைக் காணவில்லை. அதை நாமே கூட்டிச் சொல்கிறோம். அரபியில் 'இந்த' (அப்போது, அதனிடத்தில்) என்னும் சொல்லுக்கும் 'பி' (அதனால்) என்னும் இடைச்சொல்லுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டின்மீதே இமாமவர்கள் அவ்விவாதத்தை நிறுத்தியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் டேவிட் ஹியூம் 1748ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு மிக நெருங்கிய கருத்தைக் கூறினார். ஆனால் அவர் சென்று சேர்ந்த இடம் வேறு.

காரணங்களை மறுப்பவன் அறிவையே மறுக்கிறான் என்று இப்னு ருஷ்து (1126–1198) எழுந்த மறுப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. என் கருத்தில், அம்மறுப்பு கஸ்ஸாலியைவிட, கஸ்ஸாலியின் பெயரால் சோம்பியிருந்த பிற்காலத்தவருக்கே மிகப் பொருந்தும். ஏனெனில் அதே நூலின் முன்னுரைப் பகுதியில், கிரகணம் பற்றிய கணித நிரூபணங்களை மார்க்கத்தின் பெயரால் எதிர்ப்பவர் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறார் என்று இமாமவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். புலனறிவுக்கு எல்லை உண்டு என்றவர், அவ்வெல்லைக்குள் அதன் ஆட்சியை மறுக்கவில்லை.

அறிவியலின் வரலாற்றிலிருந்தே ஒரு சான்று. யுரேனஸ் கோள் கணித்த பாதையிலிருந்து விலகியது. காணாத கோள் ஒன்று அதை ஈர்ப்பதாக ஃபிரெஞ்சு வானியலார் லெ வெரியே கணக்கிட்டார். 1846இல் பெர்லின் வானாய்வகத்தில் தேடியபோது, அவர் குறித்த இடத்துக்கு ஒரு பாகைக்குள்ளேயே நெப்டியூன் அகப்பட்டது. புதன் கோளின் பாதையிலும் சிறு விலகல் இருந்தது. அதே முறைப்படி, சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் இருப்பதாக 1859இல் அவர் கூறினார். அதற்கு 'வல்கன்' என்று பெயரும் வைத்தாயிற்று. மருத்துவர் ஒருவர் அதைக் கண்ணால் கண்டதாகவே சொன்னார். லெ வெரியே நம்பினார். அப்படி ஒரு கோளே இல்லை. நூற்றாண்டுக்கு சுமார் 43 வில்விநாடி அளவான அந்த விலகலுக்கு, 1915இல் ஐன்ஸ்டைன் ஈர்ப்பையே புதிதாக விளங்கிக்கொண்டு விடை தந்தார். ஒரே மனிதர், ஒரே முறை, இரண்டு இடத்திலும் துல்லியமான அளவீடுகள். ஆயினும் அளவீடு தன் பொருளைத் தானே சொல்லவில்லை.

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். இன்றைய கோட்பாடு ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆயத்தைத் தேடிப் பொருத்தி, 'அறிவியல் நிரூபித்துவிட்டது' என்று மேடைகளில் முழங்குவது பெருகிவிட்டது. 1860இல் ஒருவர் வல்கனுக்கு ஓர் ஆயத்தைப் பொருத்தித் தஃப்ஸீர் எழுதியிருந்தால், 1915க்குப் பிறகு அந்தத் தஃப்ஸீரின் கதி என்ன? வஹீக்குச் சான்று தேடுவதாக எண்ணிக்கொண்டு, அதனைப் புலனறிவின் படிக்கட்டில் நிறுத்திவிடுகிறோம். அந்த மாணவரின் கேள்விக்கும் இந்த முழக்கத்துக்கும் அடிப்படை ஒன்றே.

வஹீ வந்து சேரும் வாயில் செய்தி. அதற்கு உரிய சோதனையும் வேறு. மக்கா, பக்தாத் நகரங்கள் இருப்பதைச் சென்று காணாதவரும் உறுதியாக அறிவதைத் தஃப்தாஸானீ எடுத்துக்காட்டுகிறார். பொய்யில் ஒன்றுகூட இயலாத அளவு பலர் வழியாக வந்த செய்தி (முதவாதிர்) அது. தனியொருவர் வழி வந்ததாயின், அவர் நாணயமானவரா, நினைவாற்றல் உடையவரா, யாரைச் சந்தித்துக் கேட்டார் என்று ஹதீஸ் கலை துருவுகிறது. அறிவியலாரும் தம் துறையின் அளவீடுகளில் பெரும்பகுதியைத் தாமே அளந்து பார்த்தவர் அல்லர், அளந்தவரை நம்புகிறார். ஃபிக்ஹில், நோன்பு நோற்றால் நோய் பெருகும் என்று நம்பகமான மருத்துவர் சொன்னால் அது ஏற்கப்படுகிறது. அவர் கண்டது காட்சி. நோயாளிக்கு அது செய்தி.

மாணவர் இதுவரை ஒப்புக்கொண்டார். பிறகு, "கஸ்ஸாலி இமாம் ஐயத்திலிருந்து எப்படி மீண்டார்கள்?" என்று கேட்டார். நிரூபணங்களை அடுக்கி மீளவில்லை, அல்லாஹ் நெஞ்சில் இட்ட ஓர் ஒளியால் மீண்டதாக இமாமவர்களே எழுதியிருக்கும் பக்கத்தை எடுத்துக் கொடுத்தேன். அவர் உரக்க வாசித்தார். அதற்குமேல் விளக்கம் சொல்ல எனக்கு இயலவில்லை.