முச்சங்க வரலாறும் சான்று மதிப்பீடும்

ஒரு சான்று நம்பத்தக்கதா என்னும் வினா, எதற்கு நம்பத்தக்கது என்னும் வினாவோடு சேர்த்தே எழுப்பப்பட வேண்டும். இறையனார் களவியல் உரை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு ஆகும்.

தலை, இடை, கடைச் சங்கங்கள் முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் நிலவின என்கிறது இவ்வுரை. மூன்று எண்களும் 37ஆல் மீதியின்றி வகுபடுகின்றன. ஈவுகள் 120, 100, 50. அரசர்தம் ஆட்சியாண்டுகளைக் கூட்டிப் பெற்ற தொகைகள் இத்துணைச் சீராக அமைதல் அரிது. மேலும், நக்கீரர் தொடங்கிப் பத்துத் தலைமுறையாக உரை வழிவந்தது என்று அந்நூலே கூறுகிறது. அதில் மேற்கோளாக வரும் கோவைப் பாடல்களோ சங்க காலத்திற்குப் பிந்திய பாண்டியன் நெடுமாறனைப் போற்றுகின்றன. எனவே, உரையின் இன்றைய வடிவம் அது கூறும் நிகழ்வுகளுக்கு மிகப் பிற்பட்டது.

கி.பி. 10ஆம் நூற்றாண்டைச் சார்ந்த சின்னமனூர்ப் பெரிய செப்பேடும் பாண்டியர் மதுரையில் சங்கம் வைத்ததைக் குறிப்பிடுகிறது. மூன்று சங்கங்களையோ ஆண்டுக் கணக்கையோ கூறவில்லை. இரு சான்றுகளும் ஒத்துரைப்பது மதுரைச் சங்கம் பற்றிய மரபை மட்டுமே.

ஆகவே, காலக்கணிப்புக்கு இவ்வுரையைச் சான்றாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஆனால், பிற்காலத்தார் சங்கத்தை எவ்வாறு நினைவுகூர்ந்தனர் என்பதை அறிய இதுவே முதன்மைச் சான்று. இவ்விரண்டையும் பிரித்துணராத ஆய்வு, நூலை முற்றிலும் ஏற்கும்; அல்லது முற்றிலும் தள்ளும். இரண்டும் இழப்பே.