கலந்தாய்வுக்கு முன் கட்டும் பணம்

பிளஸ் டூ முடிவு பெரும்பாலும் மே மாதமே வந்துவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வு தொடங்க ஜூலை ஆகிவிடும். இந்த இடைவெளியில்தான் திருச்சியில் எத்தனையோ பெற்றோர் நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். 'இன்னும் நாலு சீட்டுதான் பாக்கி' என்று போன் வந்தால் யாருக்குத்தான் பயம் வராது?

கட்டிய தொகையோடு இழப்பு முடிவதில்லை. பொறியியலில் முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகை கலந்தாய்வு வழியே சேர்பவருக்குத்தான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்தவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் அப்படித்தான்; 2021 முதல் அந்த ஒதுக்கீட்டில் சேர்பவரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. சேதுராப்பட்டியில் 2013இல் தொடங்கிய ஸ்ரீரங்கம் அரசு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்க வாய்ப்புள்ள பிள்ளை, அவசரத்தில் வேறெங்கோ சேர்ந்து இத்தனையையும் விட்டுவிடக் கூடாது.

கலை அறிவியல் படிப்புக்கு ஸ்ரீரங்கம் அரசு கலைக் கல்லூரி, பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி இரண்டுக்கும் ஒரே இணைய விண்ணப்பம் போதும். அரசு உதவி பெறும் கல்லூரி என்றால் ஒரு கேள்வியைக் கேட்காமல் விடாதீர்கள்: 'இந்த சீட் எய்டடா, செல்ஃப் பைனான்ஸா?' ஒரே கட்டடத்தில், ஒரே பெயருள்ள பட்டப்படிப்புக்கு இரண்டு விதக் கட்டணம் இருக்கலாம்.

சில கதவுகள் முன்னாலேயே மூடிவிடும். நாவலூர் குட்டப்பட்டில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகமே இருக்கிறது. ஆனால் அதற்கான கிளாட் நுழைவுத் தேர்வு அண்மை ஆண்டுகளில் டிசம்பரிலேயே, அதாவது பொதுத்தேர்வுக்கு முன்பே நடந்துவிடுகிறது. வீட்டு வாசலில் உள்ள பல்கலைக்கழகத்தைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு மே மாதத்தில் தெரியவருவது எனக்குப் பெரிய வருத்தம். பதினோராம் வகுப்பிலேயே ஆசிரியர்கள் இதைச் சொல்ல வேண்டும்.

பட்டத்தின் பெயரையும் பாருங்கள். புதுப் பெயர் சூட்டிய சில பட்டங்கள் அரசு வேலைக்குக் கேட்கும் பட்டத்துக்கு இணையானவை அல்ல என்று தமிழ்நாட்டில் அரசாணைகளே வந்திருக்கின்றன. மூன்று வருடம் படித்துவிட்டு டி.என்.பி.எஸ்.சி. சான்றிதழ் சரிபார்ப்பில் நிற்கும்போது இது தெரியவந்தால் தாங்குமா? சேரும் முன்பே இணைத்தன்மை ஆணை உண்டா என்று கல்லூரியில் கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டியவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி, அறிவிக்கப்பட்ட சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும். நடைமுறைச் செலவாக 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் மட்டும் பிடிக்கலாம். அதற்குப் பின் கடைசி நாள் வரை 90 சதவீதம், கடைசி நாள் கழிந்து 15 நாளுக்குள் 80, 30 நாளுக்குள் 50. அதையும் தாண்டினால் ஒன்றுமில்லை. அதனால் அந்தக் கடைசி நாள் எது என்பதைச் சேரும்போதே எழுத்தில் வாங்கிவிடுங்கள். மானியக் குழு சில ஆண்டுகளில் இதைவிடச் சாதகமான தேதிகளையும் அறிவிக்கிறது. பொறியியலுக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதி தனி.

அசல் மதிப்பெண் பட்டியலையும் மாற்றுச் சான்றிதழையும் சரிபார்த்த கையோடு திருப்பித் தர வேண்டும். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கல்லூரிக்கு உரிமை இல்லை. ரசீது இல்லாமல் கேட்கும் நன்கொடையும் குற்றம்தான். அதைத் தடுக்க 1992இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது.

விலகுவதை வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். தேதியிட்டு எழுதி, மின்னஞ்சலிலும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் கல்லூரியின் மாணவர் குறைதீர்ப்புக் குழுவிடம் புகார் கொடுங்கள்; மானியக் குழுவின் 2023 விதிப்படி அது 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். அதன் முடிவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். மானியக் குழுவின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதியலாம். ரசீது, விலகல் கடிதம், தபால் ஒப்புகை மூன்றின் நகலையும் சேர்த்தே அனுப்புங்கள்.