போன்லயே டார்ச் இருக்கே, தனியா எதுக்கு? பிள்ளைச்சாவடி இருட்டில் ஒரு குட்டி டார்ச் சோதனை

விரல் நீளத்தில் ஒரு டார்ச்சைப் பாக்கெட்டில் இருந்து எடுத்தால் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி: “போன்லயே டார்ச் இருக்கே, இது தனியா எதுக்கு?”

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது நினைவிருக்கிறதா? 24 மணி நேரத்தில் 40 செ.மீ.க்கும் மேல் மழை. பல இடங்களில் கரண்ட் இல்லை. அப்படியொரு இரவில் போனில் மிச்சமிருக்கும் சார்ஜ் அவசரத்துக்குப் பேசுவதற்கா, வெளிச்சத்துக்கா? தனி டார்ச் எதற்கு என்பதற்கான பதில் இந்தக் கேள்வியிலேயே இருக்கிறது.

அதனால் ஒரு சின்ன டார்ச்சை வாங்கி, அதன் உள்பாகங்களில் சிலவற்றை மாற்றி, பிள்ளைச்சாவடியின் தெருக்களிலும் கடற்கரையிலும் சில வாரங்கள் கையோடு வைத்துப் பார்த்தோம்.

‘மாடிஃபைடு’ டார்ச் என்றால் என்ன?

கடையில் வாங்கும் டார்ச்சில் எல்.இ.டி., அதற்கு மின்சாரத்தை அளந்து கொடுக்கும் டிரைவர், பேட்டரி, ரிஃப்ளெக்டர் என நான்கு முக்கியப் பாகங்கள் உண்டு. இவற்றில் ஒன்றையோ சிலவற்றையோ நம் தேவைக்கு ஏற்ப மாற்றுவதைத்தான் ஆர்வலர்கள் ‘மோட்’ என்கிறார்கள்.

நாங்கள் எடுத்தது ஒற்றை ஏஏ பேட்டரி போடும் அலுமினிய டார்ச். எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் தெரிந்த நண்பர் ஒருவர், உள்ளே இருந்த நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி.யை எடுத்துவிட்டு, இதமான வெளிச்சம் தரும் வேறொன்றை சால்டர் செய்து கொடுத்தார். அதன் அளவு 3.5 மி.மீ. சதுரம்தான், மிளகைவிடக் கொஞ்சம் குறைவு. முன்கண்ணாடிக்கு மேல் மாட்டிக் கழற்ற ஒரு சிவப்பு மூடியும் வைத்தோம். அவ்வளவுதான் மாற்றம்.

கலர் ஏன் முக்கியம்?

ஒரு விளக்கின் வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு இயல்பாகத் தெரிகின்றன என்பதை சி.ஆர்.ஐ. என்ற எண்ணால் சொல்வார்கள். சூரிய ஒளிக்கு 100. மலிவான எல்.இ.டி.களில் இது 70 அளவில்தான் இருக்கும். நல்லவற்றில் 90-ஐத் தாண்டும்.

கேட்க சின்ன விஷயம்தான். ஆனால் ராத்திரி மண் தெருவில் நடந்தால் வித்தியாசம் புரியும். பழைய எல்.இ.டி.யில் ஈர மண், காய்ந்த சருகு, கிடக்கும் கயிறு எல்லாமே ஒரே சாம்பல் நிறம். புதியதில் பழுப்பு பழுப்பாகவும் சிவப்பு சிவப்பாகவும் தெரிகிறது. காலடியில் கிடப்பது கயிறா, வேறு ஏதாவதா என்று ஒரு நொடி முன்னால் தெரிவது சாதாரண விஷயம் இல்லை. இந்தியாவில் ஆண்டுக்கு சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. விஷம் அதிகமுள்ள கட்டுவிரியன் நடமாடுவதும் இரவில்தான்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சி.ஆர்.ஐ. கூடினால் அதே பேட்டரியில் கிடைக்கும் வெளிச்சத்தின் அளவு கொஞ்சம் குறையும். எங்களுக்கு அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

‘10,000 லூமென்’ உண்மையா?

ஆன்லைனில் விரல் சைஸ் டார்ச்சுக்கு இப்படி விளம்பரம் பார்த்திருப்பீர்கள். நம்பலாமா? ஒரு கணக்கு போட்டாலே தெரிந்துவிடும்.

ரீசார்ஜ் செய்யும் ஏஏ பேட்டரி ஒன்று 2,000 எம்.ஏ.ஹெச்., 1.2 வோல்ட். பெருக்கினால் 2.4 வாட்-ஹவர். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்குச் சுமார் 100 லூமென் தரும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மொத்தக் கையிருப்பு 240 லூமென்-மணி. அதாவது 240 லூமெனில் 1 மணி நேரம், 24 லூமெனில் 10 மணி நேரம். டிரைவரில் ஆகும் இழப்பைக் கழித்தால் இன்னும் குறையும். இதில் 10,000 எங்கிருந்து வரும்?

பேட்டரியிலும் இதே கதைதான். 18650 வகை லித்தியம் பேட்டரியில் ‘9,900 எம்.ஏ.ஹெச்.’ என்று அச்சிட்டு விற்கிறார்கள். நம்பகமான தயாரிப்புகளிலேயே 3,500 அளவில்தான் கிடைக்கும்.

இன்னொரு உள்குத்தும் இருக்கிறது. டார்ச்சுகளுக்கான எஃப்.எல்.1 அளவுகோலில், வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதமாகக் குறையும் வரை உள்ள நேரம்தான் ‘ரன்டைம்’. எனவே பெட்டியில் ‘5 மணி நேரம்’ என்று போட்டிருந்தால், 5 மணி நேரமும் முழு வெளிச்சம் என்று அர்த்தம் இல்லை. குட்டி டார்ச் சில நிமிடங்களில் சூடாகி, தானே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்வதும் உண்டு.

கடற்கரையில் என்ன ஆச்சு?

பிள்ளைச்சாவடி கடல் அரிப்பால் வீடுகளை இழந்த ஊர். நேற்று வரை இருந்த கரை இன்று இருக்கும் என்று சொல்ல முடியாது. மணல் எங்கே சரிந்து நிற்கிறது என்று இருட்டில் பார்க்க டார்ச் கட்டாயம் வேண்டும்.

முதல் நாள் ஆர்வத்தில் ஃபுல் பவரில் அடித்தபடி போனோம். வலை பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “தம்பி, மூஞ்சில அடிக்காத, கீழ போடுப்பா” என்றார். அவர் சொன்னது சரி. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். பளீர் வெளிச்சம் பட்டால் அது போய்விடும், அடிப்பவருக்கும்தான். அதற்குப் பிறகு பெரும்பாலும் மிகக் குறைந்த மோடில்தான் நடந்தோம். தெருவுக்கு 5 முதல் 10 லூமெனே தாராளம். பேட்டரியும் நாள்கணக்கில் வந்தது.

இங்கு இன்னொரு விஷயமும் உண்டு. ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கடலோரத்தில் பங்குனி ஆமைகள் முட்டையிட வரும். பொரித்து வரும் குஞ்சுகள் வெளிச்சமான பக்கத்தைக் கடல் என்று நினைத்து நகரும். வெள்ளை டார்ச் அவற்றை ஊர்ப்பக்கம் திருப்பிவிடலாம். சிவப்பு மூடி வைத்தது இதற்காகத்தான். ஆமையைப் பார்த்துவிட்டால் அதையும் அணைத்துவிடுவதே நல்லது.

உப்புக்காற்று டார்ச்சுக்கும் எதிரி. பின்மூடியின் மரையும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் கறுத்துவிடுகின்றன. வாரம் ஒருமுறை துணியால் துடைத்து, ரப்பர் வளையத்தில் துளி சிலிக்கான் கிரீஸ் தடவினோம். ‘ஐ.பி.எக்ஸ்.7’ என்றால் 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும். ஆனால் அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது. கடல் நீர் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

இதில் ஜாக்கிரதை

ஏஏ பேட்டரியும் 14500 என்ற லித்தியம் பேட்டரியும் பார்க்க ஒரே சைஸ். ஆனால் ஏஏ 1.5 வோல்ட், 14500 முழு சார்ஜில் 4.2 வோல்ட். இரண்டையும் தாங்கும் என்று குறிப்பிடாத டார்ச்சில் லித்தியத்தைப் போட்டால் டிரைவரும் எல்.இ.டி.யும் கருகிவிடும். ரிமோட், சுவர்க் கடிகாரத்தில் தப்பித்தவறியும் போடாதீர்கள். தனியாகப் பாக்கெட்டில் சாவியோடு சேர்த்து வைப்பதும் ஆபத்து. ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். விமானத்தில் உதிரி லித்தியம் பேட்டரியைக் கைப்பையில்தான் எடுத்துப் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது.

அப்போ எதை வாங்குவது?

மோட் செய்யத் தெரியாவிட்டால் பரவாயில்லை. 90-க்கு மேல் சி.ஆர்.ஐ. உள்ளவை ரெடிமேடாகவே கிடைக்கின்றன. மிகக் குறைந்த மோட் இருக்கிறதா, தண்ணீர் தாங்குமா என்று பாருங்கள். எங்கள் ஓட்டு ஏஏ டார்ச்சுக்குத்தான். புயல் நேரத்தில் சார்ஜ் போட வழி இல்லாவிட்டாலும், பெட்டிக்கடையில் பேட்டரி கிடைக்கும். மாதக்கணக்கில் பயன்படுத்தாமல் வைப்பதென்றால் சாதா பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்து டார்ச்சையே கெடுத்துவிடும்.

அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருநாள் ராத்திரி, வீட்டு மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு உங்கள் டார்ச்சைத் தேடி எடுத்துப் பாருங்கள். எங்கே இருக்கிறது, எரிகிறதா என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.