பனிப்பூவுக்கு ஆறு முனைகள்

விழாக்காலங்களில் வெள்ளைத் தாளில் கத்தரித்த பனிப்பூக்களைத் தொங்கவிடும் வழக்கம் நம் இல்லங்கள் சிலவற்றிலும் உண்டு. அவற்றுள் பலவற்றுக்கு எட்டு முனைகள் இருக்கக் காண்கிறோம். தாளை இரண்டாய், நான்காய், எட்டாய் மடிப்பது எளிது. அந்த எளிமையால் நேர்ந்த பிழை இது. வானினின்று விழும் பனிப்படிகத்துக்குப் பெரும்பாலும் ஆறு முனைகளே உண்டு. நீரின் மூலக்கூறுகள் உறையும்போது அறுகோண அடுக்காக அமைவதே காரணம். மூன்றும் பன்னிரண்டும் அரிதாகத் தோன்றுவதுண்டு. எட்டுக்கு அங்கே இடமில்லை.

தாள் கத்தரிக்கும் கலையைப் பேணிய ஜப்பானில் மடிப்பின் எண்ணிக்கைக்குத் தனி மதிப்புண்டு. எடோ காலத்தில் (1603–1868) 'மோன்கிரி' என்னும் கலை அங்கே தழைத்தது. 'மோன்' என்பது குடும்பச் சின்னம். 'கிரி' என்பது வெட்டுதல். முறைப்படி மடித்த தாளின்மேல் மாதிரி வடிவத்தை வைத்துக் கத்தரித்து விரித்தால் சின்னம் மலரும். செர்ரி மலருக்கு ஐந்தாக மடிப்பர்; பனிக்கு ஆறாக. மாதிரி மாறாமல் வெட்டும் இம்முறையிலிருந்தே, தேய்ந்துபோன பேச்சுக்கு ஜப்பானிய மொழியில் 'மோன்கிரிகாத்தா' என்னும் பெயர் வழங்குகிறது. மேடையேறிப் பேசும் நம்மைப் போன்றோர் நினைவில் வைக்கத்தக்க சொல்!

பனியின் மெய்யுருவை அந்நாட்டில் உற்றுநோக்கிப் பதிவு செய்தவர், கோகா பகுதியின் சிற்றரசர் தோயி தோஷித்சுரா. அரசுப் பணிகளுக்கிடையே ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நுண்பெருக்காடியின் துணையோடு இதனைச் செய்தார். பனி பெய்யக்கூடிய இரவில் கறுப்புத் துணியை வெளியே வைத்துக் குளிரச் செய்வார். அதன்மேல் விழுந்த படிகத்தை மூச்சுக்காற்று படாமல் இடுக்கியால் எடுத்து, உருகுமுன் கண்டு வரைவார். 1832இல் 86 வடிவங்களை 'செக்கா சுசெத்சு' என்னும் நூலாக வெளியிட்டார். 1840இல் அதன் தொடர்ச்சி வெளிவந்தது. சிற்றரசர் கண்ட வடிவங்கள் கிமோனோ ஆடைகளிலும் தேநீர்க் கிண்ணங்களிலும் ஏறிப் பொதுமக்களின் உடைமையாயின.

இனி, நம் கைவேலைக்கு வருவோம். சதுரமான மெல்லிய தாளை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குக. நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியை உச்சியாகக் கொண்டு, இடப்பகுதியையும் வலப்பகுதியையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து, மூன்று சம பங்குகளாக்குக. இங்கேதான் பொறுமை வேண்டும், மற்றவை எளியவை. அதனை மீண்டும் பாதியாக மடித்தால் பன்னிரண்டு அடுக்குகள் சேரும். மேலே நீண்டிருக்கும் கொம்புகளை வெட்டி நீக்கிவிட்டு, இரு ஓரங்களிலும் விரும்பியவாறு கத்தரிக்கலாம். கத்தரிக்கோலைத் திருப்பாமல் தாளைத் திருப்புவது நன்று. ஆனால் எந்த ஓரத்தையும் முழுவதுமாக வெட்டிவிடலாகாது. நாம் முதன்முதலில் அவ்வாறு வெட்டி, ஆவலோடு விரித்தபோது, பனிப்பூ ஆறு துண்டுகளாக மேசைமேல் உதிர்ந்தது.