பதின்ம வயதுப் பிள்ளையுடன் பெங்களூருவில் ஒரு நாள்: கடைவீதி, உணவு, செலவு - திட்டமிடுவது எப்படி?

பெங்களூரு: காலையில் ரயிலேறிச் சென்று, கடைவீதிகளைச் சுற்றிப் பார்த்து, விரும்பியதை உண்டு, அன்றிரவே ஊர் திரும்பப் புறப்படும் ஒருநாள் பயணத்துக்குத் தமிழ்நாட்டின் வடக்கு, மேற்கு மாவட்டக் குடும்பங்கள் பலவும் தேர்ந்தெடுக்கும் நகரம் பெங்களூரு. ரயில் வசதியும், விரிவடைந்துள்ள மெட்ரோ தடங்களும் இதற்குத் துணைபுரிகின்றன. ஆனால், உடன் வருவது 13 முதல் 17 வயதுக்கு உட்பட்ட மகனோ மகளோ எனில், வழித்தடத்தை மட்டும் திட்டமிட்டால் போதாது.

சிறு குழந்தையை அழைத்துச் செல்வதைப் போன்றதன்று இது. நண்பர்களோடு ஊர் சுற்றவே விரும்பும் வயதில், பெற்றோருடன் ஒரு முழு நாளைச் செலவிட ஒரு பிள்ளை சம்மதிப்பதே பெரிது. அந்த நாள் கடைவாசலில் விலையைப் பற்றியோ, ஆடையின் அளவைப் பற்றியோ எழும் சச்சரவில் வீணாகிவிட்டால், அடுத்த அழைப்புக்கு 'நான் வரவில்லை' என்பதே பதிலாக வரும். இத்தகைய சச்சரவுகளின் அடியில் பெரும்பாலும் இருப்பது, முடிவெடுக்கும் உரிமை யாருடையது என்ற கேள்வியே. எனவே அதற்கான பதிலை வீட்டிலேயே பேசி முடிவு செய்துகொள்வது நல்லது.

எந்த நாளில் செல்வது?

பெங்களூருவின் பெயர்பெற்ற உணவகங்களும் கடைத்தெருக்களும் வெவ்வேறு நாட்களில் விடுமுறை விடுகின்றன. 1924ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட எம்டிஆர் உணவகத்தின் லால்பாக் சாலைக் கிளைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. காந்தி பஜாரில் 1943ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வித்யார்த்தி பவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. மற்ற நாட்களிலும் நண்பகலில் அது மூடப்பட்டு, பிற்பகலில் மீண்டும் திறக்கப்படும். பட்டுச் சேலைகளுக்கும் மொத்த விற்பனைக்கும் பெயர்பெற்ற சிக்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும்.

வார இறுதியில் கமர்ஷியல் தெருவிலும் பிரிகேட் சாலையிலும் கூட்டம் மிகுதி. பள்ளி விடுமுறைக் காலத்தில் செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்று நாட்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் நெரிசல் குறையும். மேற்கண்ட இடங்கள் அனைத்தும் திறந்திருக்கும் வாய்ப்பும் அதிகம். மே மாதத்திலும், ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரையிலும் பிற்பகலுக்குப் பின் திடீர் மழை பெய்வது இங்கு வழக்கம் என்பதால், அம்மாதங்களில் தெருக்கடைகளை முற்பகலிலேயே முடித்துக்கொள்ள வேண்டும்.

போக்குவரத்து

ரயில் பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்து முன்பதிவு செய்யலாம். 12 வயது நிறைந்தவர்களுக்கு முழுக் கட்டணம் வசூலிக்கப்படும். சென்னையில் அதிகாலையில் புறப்படும் மைசூரு வந்தே பாரத், சதாப்தி ரயில்கள் முற்பகலில் பெங்களூருவை அடைகின்றன. ஆனால் அவற்றின் திரும்பும் சேவை பிற்பகலிலேயே பெங்களூருவிலிருந்து புறப்பட்டுவிடுகிறது. மாலை உணவுத் தெருவையும் பார்க்க விரும்புவோர், திரும்புவதற்கு இரவு ரயிலில் முன்பதிவு செய்துகொள்வதே ஏற்றது.

கேஎஸ்ஆர் பெங்களூரு ரயில் நிலையத்தை ஒட்டியே ஊதா தட மெட்ரோ நிலையம் உள்ளது. அங்கிருந்து எம்.ஜி. சாலைக்கு நேராகச் செல்லலாம். அடுத்த நிறுத்தமான மெஜஸ்டிக்கில் பச்சைத் தடத்துக்கு மாறினால் சிக்பேட்டை, கே.ஆர். மார்க்கெட், நேஷனல் கல்லூரி, லால்பாக் நிலையங்களுக்குச் செல்லலாம்.

ஓசூர் வழியாக வருவோருக்கு மற்றொரு வசதி உண்டு. 2025 ஆகஸ்ட் 10ஆம் தேதி திறக்கப்பட்ட மஞ்சள் தடம், ஓசூர் சாலையில் உள்ள பொம்மசந்திராவிலிருந்து ஆர்.வி. சாலை வரை செல்கிறது. பேருந்தில் பொம்மசந்திராவில் இறங்கி மெட்ரோவில் ஏறினால், சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலில் சிக்காமல் ஆர்.வி. சாலையில் பச்சைத் தடத்துக்கு மாறிக்கொள்ளலாம்.

மெட்ரோ கட்டணம் குறைந்தபட்சம் ரூ.10, அதிகபட்சம் ரூ.90. ஆட்டோவுக்கு 2025 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள மீட்டர் கட்டணத்தின்படி முதல் 2 கிலோமீட்டருக்கு ரூ.36, அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ரூ.18. இந்தக் கணக்கைத் தெரிந்துவைத்திருந்தால் பேரம் பேசுவது எளிது.

இரண்டு பகுதிகள் போதும்

ஒருநாள் பயணத்தில் பலரும் செய்யும் பிழை, நகரத்தின் நான்கு மூலைகளையும் பார்த்துவிட முயல்வது. மெட்ரோவால் இணைக்கப்பட்ட இரண்டு பகுதிகளை மட்டும் தேர்ந்துகொண்டால், நடப்பதற்கும் நின்று பார்ப்பதற்கும் நேரம் கிடைக்கும்.

முதலாவது, எம்.ஜி. சாலையைச் சுற்றியுள்ள பகுதி. மெட்ரோ நிலையத்திலிருந்து சில நிமிட நடையில் சர்ச் தெருவும் பிரிகேட் சாலையும் உள்ளன. சர்ச் தெருவில் பிளாசம், புக்வோர்ம் போன்ற புத்தகக் கடைகளில் புதிய நூல்களோடு பழைய நூல்களும் குறைந்த விலையில் கிடைக்கின்றன. படக்கதைகள், கற்பனைப் புதினங்கள் ஆகியவற்றைத் தேடும் பிள்ளைகள் இங்கு ஒரு மணி நேரத்தை எளிதாகச் செலவிடுவார்கள். பிரிகேட் சாலையில் நிலையான விலை கொண்ட பெயர்பெற்ற நிறுவனங்களின் கடைகள் அதிகம்.

அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள கமர்ஷியல் தெருவுக்கு ஆட்டோவில் செல்லலாம். ஆடை, காலணி, கைப்பை, அணிகலன் ஆகியவை அங்கு வரிசையாகக் கிடைக்கின்றன. சிறு கடைகளிலும் நடைபாதைக் கடைகளிலும் பேரம் பேசலாம். இப்பகுதி வணிகர்களில் பலர் தமிழும் பேசுவார்கள். எனினும் விலை கேட்க 'எஷ்டு', வேண்டாம் என்பதற்கு 'பேடா' போன்ற சில கன்னடச் சொற்களைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்து, பேரத்தை அவரிடமே விட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது, பசவனகுடியை ஒட்டிய வி.வி.புரம் பகுதி. நேஷனல் கல்லூரி மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ள இதன் உணவுத் தெரு, மாலையில்தான் உயிர்பெறும். பச்சைத் தடத்தில் அமைந்துள்ளதால், ரயில் நிலையத்துக்குத் திரும்புவோருக்கும் ஓசூர் திசையில் செல்வோருக்கும் வழியிலேயே இது அமைகிறது.

பணத்தைப் பற்றி முன்னரே பேசுங்கள்

'எவ்வளவு வரை வாங்கலாம்' என்பது தெரியாமல் கடைக்குள் நுழையும் பிள்ளை, ஒவ்வொரு பொருளுக்கும் பெற்றோரின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. விலைச்சீட்டைப் பார்த்துப் பெற்றோர் முகம் சுளிக்கும்போது, தான் குடும்பத்துக்குச் சுமை என்ற எண்ணமும் அதற்குத் தோன்றக்கூடும். கையில் உள்ள தொகை சிறியதாக இருந்தாலும் அதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே கண்ணியமானது.

எடுத்துக்காட்டாக, ஊர்ப் பயணக் கட்டணம் நீங்கலாக இருவருக்கு ரூ.6,000 ஒதுக்குவதாகக் கொள்வோம். உணவுக்கு ரூ.1,200, நகரப் போக்குவரத்துக்கு ரூ.400, இருவரும் பேசி வாங்கும் தேவையான ஆடை, காலணிக்கு ரூ.2,400, பிள்ளையின் சொந்த விருப்பத்துக்கு ரூ.1,500, எதிர்பாராத செலவுக்கு ரூ.500 என்று பிரிக்கலாம். இதில் ரூ.1,500 முழுமையாகப் பிள்ளையுடையது. அதில் எதை வாங்கினாலும் பெற்றோர் குறை சொல்வதில்லை. தீர்ந்துபோனால் பிள்ளை மேலும் கேட்பதில்லை. மிஞ்சினால் அது பிள்ளைக்கே. இந்த மூன்று நிபந்தனைகளையும் இரு தரப்பும் முன்கூட்டியே ஏற்க வேண்டும்.

தொகையைப் பணமாகத் தராமல் மின்னணு முறையில் தரவும் வழியுண்டு. 10 வயது நிறைந்த சிறார், வங்கி நிர்ணயிக்கும் வரம்புக்குள் தாமாகவே சேமிப்புக் கணக்கு தொடங்கி இயக்கலாம் என ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. 2024ஆம் ஆண்டு அறிமுகமான 'யுபிஐ சர்க்கிள்' வசதியில், கணக்கு வைத்திருப்பவர் தம் கணக்கிலிருந்து செலவிடக் குடும்பத்தினருக்கு வரம்புடன் அனுமதி தரலாம். ஒவ்வொரு செலவுக்கும் தம் ஒப்புதல் தேவை எனவும் அமைத்துக்கொள்ளலாம். எதைத் தேர்ந்தாலும், பயணத்துக்கு ஓரிரு நாட்களுக்கு முன் சிறு தொகையில் சோதித்துப் பார்ப்பதும், ரூ.500 அளவுக்குச் சில்லறை நோட்டுகளைக் கையில் வைத்திருப்பதும் அவசியம்.

ஆடை வாங்கும் இடத்தில்

வளரும் வயதில் உடலளவு சில மாதங்களிலேயே மாறிவிடும். 'சென்ற முறை இந்த அளவுதானே' என்றோ, 'உனக்கு இது எடுப்பாக இல்லை' என்றோ கடை ஊழியர் முன்னிலையில் சொல்லப்படும் ஒரு சொல் நாள் முழுவதும் உறுத்தும். அணிந்து பார்க்கும் அறைக்கு இரண்டு அளவுகளைச் சேர்த்தே கொடுத்தனுப்புவதும், கேட்டால் மட்டும் கருத்துச் சொல்வதும் இதைத் தவிர்க்கும். உடுத்திப் பார்க்கும்போது எடுக்கும் படங்களைப் பிள்ளையின் சம்மதமின்றி உறவினர் குழுக்களில் பகிர்வதையும் தவிர்க்க வேண்டும்.

ரசீது கேட்டு வாங்குவது பயணிகளுக்கு மிகவும் முக்கியம். மாற்றுவதற்காக மீண்டும் பெங்களூரு வருவது எளிதன்று. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறைபாடுள்ள பொருளை ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள், அவ்வாறு குறிப்பிடாவிடில் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறையாகும். குறைபாடற்ற பொருளை மனம் மாறித் திருப்பித் தருவதற்கு இது பொருந்தாது. அது கடையின் விதிமுறையைச் சார்ந்தது. எனவே தையல், ஜிப், நிறம் ஆகியவற்றைக் கடையிலேயே வெளிச்சத்தில் பார்த்துவிட வேண்டும். புகார்களுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

உணவு: பசிக்கு முன் திட்டம்

கடைவீதிச் சண்டைகளுக்குப் பசியும் ஒரு காரணம். ஒரு மணிக்குள் மதிய உணவு என்று உறுதியாக வைத்துக்கொண்டால் பெரிய உணவகங்களின் வாசலில் காத்திருப்பதும் குறையும். எம்.ஜி. சாலைக்கு அருகிலுள்ள ரெசிடென்சி சாலையில் ஆந்திர முறைச் சாப்பாடு பெயர்பெற்றது. அதே சாலையில் 1982ஆம் ஆண்டு தொடங்கிய கார்னர் ஹவுஸ் நிறுவனத்தின் 'டெத் பை சாக்லேட்' பனிக்கூழ், இளையோர் விரும்பித் தேடும் ஒன்று. அளவு பெரிதாதலால் இருவருக்கு ஒன்றே போதும்.

காலைச் சிற்றுண்டி நேரத்திலேயே நகருக்குள் வந்துவிடுவோர் வித்யார்த்தி பவனின் மொறுமொறுப்பான மசாலா தோசையையோ, எம்டிஆரின் ரவா இட்லியையோ சுவைக்கலாம். இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் ரவா இட்லி தங்கள் சமையலறையில் பிறந்தது என்பது எம்டிஆர் சொல்லும் வரலாறு.

மாலையில் வி.வி.புரம் உணவுத் தெருவில் அக்கி ரொட்டி, ஹோளிகே எனப்படும் போளி, குழிப்பணியாரம், தோசை வகைகள், காரம் சேர்த்த வேர்க்கடலை ஆகியவை கிடைக்கும். பெரும்பாலும் சைவ உணவே. குளிர்காலத்தில் மொச்சைப் பருவம் என்பதால் மொச்சை சேர்த்த பண்டங்கள் மிகுந்திருக்கும். ஒவ்வொரு கடையிலும் ஒரே ஒரு தட்டு வாங்கிப் பகிர்ந்துகொண்டால் ஐந்தாறு வகைகளைச் சுவைத்துவிடலாம். அடுப்பிலிருந்து சுடச்சுட எடுத்துத் தருவதைத் தேர்வதும், குடிநீரை வீட்டிலிருந்து கொண்டுவருவதும் வயிற்றுக்கு நல்லது.

தனியே ஒரு மணி நேரம்

நாள் முழுவதும் உடனிருப்பது இருவருக்குமே அலுப்புத் தரும். 15 வயதைக் கடந்த, கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளையைச் சர்ச் தெருப் புத்தகக் கடை போன்ற ஓர் எல்லைக்குள் ஒரு மணி நேரம் தனியே விடலாமா என்பதைப் பெற்றோர் பரிசீலிக்கலாம். அதற்குமுன், சந்திக்கும் இடம், நேரம், கைப்பேசி அணைந்துபோனால் எங்கு வந்து நிற்பது ஆகிய மூன்றையும் முடிவு செய்ய வேண்டும். மெட்ரோ நிலையத்தின் கட்டண மையம் நல்ல சந்திப்பிடம். பெற்றோரின் எண்ணை ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைப்பது பழைய முறையானாலும் பயனுள்ளது. அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098.

கழிப்பறைக்கு வணிக வளாகங்களையும் மெட்ரோ நிலையங்களையும் பயன்படுத்தலாம். மகளுடன் செல்வோர் மாதவிடாய்க்கால அணையாடையை மறவாமல் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். மின்னேற்றக் கருவி, குடை, இரண்டு துணிப்பைகள் ஆகியவையும் பட்டியலில் இடம்பெற வேண்டியவை.

மாதிரி நேர அட்டவணை

காலை 11 மணி: எம்.ஜி. சாலை வருகை, சர்ச் தெரு, பிரிகேட் சாலை.

பகல் 1 மணி: மதிய உணவு, அமர்ந்து ஓய்வு.

பிற்பகல் 2.15: கமர்ஷியல் தெரு.

மாலை 4.30: பனிக்கூழ் அல்லது கப்பன் பூங்காவில் இளைப்பாறுதல்.

மாலை 5.30: மெட்ரோவில் மெஜஸ்டிக் வழியாக நேஷனல் கல்லூரி. வேலைநாட்களில் இந்நேரத்தில் கூட்டம் மிகுதி. பைகளைச் சுருக்கிக் கட்டிக்கொள்வது நல்லது.

மாலை 6.15: வி.வி.புரம் உணவுத் தெரு.

இரவு 8 மணி: ரயில் நிலையத்துக்கோ, ஓசூர் திசையிலோ திரும்புதல்.

இந்த அட்டவணையில் இரண்டு இடங்களையாவது பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். பெற்றோருக்குப் பிடித்த இடமும் ஒன்று இருக்கட்டும். நேரம் போதாமல் ஏதேனும் ஒன்றைக் கைவிட நேர்ந்தால் எதை விடுவது என்பதையும் புறப்படும் முன்பே பேசிவைத்தால், களைத்துப்போன மாலை வேளையில் அந்த முடிவை எடுக்க வேண்டியிருக்காது.