ஜித்தாவில் ஏழு பட்டங்கள்: எழுதிவைத்த வெற்றிகள்



உங்கள் வீட்டுக் கூடத்தில் இந்தக் காட்சியை நீங்களும் கண்டிருக்கக் கூடும். பள்ளி விட்டு வந்த மகன் கட்டிலின் மீது ஏறி நிற்கிறான். கீழே விரித்த மெத்தையில் அவன் தம்பி மல்லாந்து கிடக்கிறான். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிவிட்டு அண்ணன் குதிக்கிறான். அடுப்படியிலிருந்து தாயார் ஓடி வருவதற்குள் ஒருவன் அழுகிறான், மற்றவனோ, "டி.வி.யில் இப்படித்தானே செய்கிறார்கள்?" என்று கேட்கிறான்.

இந்தக் கேள்விக்கு நம்மிடம் என்ன பதில் இருக்கிறது? பெரும்பாலும் ஓர் அதட்டல். இல்லையேல் பெட்டியை அணைத்துவிடுகிறோம். அதட்டல் ஒரு மாலைப் பொழுதுக்கு உதவும். உண்மையை எடுத்துரைத்தால் அது ஆயுளுக்கும் உதவும். அந்த உண்மையை விளக்க, நம் நெஞ்சுக்கு நெருக்கமான ஒரு நகரில் நடந்த நிகழ்ச்சியையே எடுத்துக்கொள்வோம்.

ஜித்தாவில் ஓர் இரவு

புனித மக்காவுக்குச் செல்லும் ஹாஜிகளின் தலைவாயில் ஜித்தா. அங்கே மன்னர் அப்துல்லாஹ் விளையாட்டு நகரம் 2014ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதன் பெரிய அரங்கில் சுமார் 60,000 பேர் அமரலாம். 2018ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் டபிள்யூ. டபிள்யூ. இ. நிறுவனம் அவ்வரங்கில் 'கிரேட்டஸ்ட் ராயல் ரம்பிள்' என்னும் மல்யுத்த நிகழ்ச்சியை நடத்தியது. சவூதி அரசின் விளையாட்டு ஆணையத்துடன் அது செய்துகொண்ட பத்தாண்டு உடன்பாட்டின் முதல் நிகழ்ச்சி அது. 1990களில் டபிள்யூ. டபிள்யூ. எஃப். என்ற பெயரில் நம் இல்லங்களுக்குள் நுழைந்து, நம் சிறுவர்கள் படச்சீட்டுகளாகச் சேர்த்துவைத்ததும் இதே நிறுவனத்தின் வீரர்களைத்தாம். 2002இல்தான் அதன் பெயர் மாறியது.

அன்றிரவு ஒரே மேடையில் ஏழு சாம்பியன் பட்டங்களுக்கான போட்டிகள் நடைபெற்றன. இரும்புக் கூண்டுக்குள் பிராக் லெஸ்னரும் ரோமன் ரெயின்ஸும் மோதினார்கள். ஏணி மீது ஏறித் தொங்கும் பட்டத்தைப் பறிக்க நால்வர் போட்டியிட்டதில் சேத் ராலின்ஸ் வென்றார். ஏ.ஜே. ஸ்டைல்ஸும் ஜப்பானியரான நாகமுராவும் மேடைக்கு வெளியே சண்டையிட்டுக்கொண்டிருக்க, நடுவர் பத்து வரை எண்ணிப் போட்டியை முடித்தார். ஜெஃப் ஹார்டி, ஜிந்தர் மஹாலை வென்றார். செட்ரிக் அலெக்சாண்டர், கலிஸ்டோவை வென்றார். இவை போக, இருவர் அணிகளுக்கான பட்டப் போட்டிகள் இரண்டு. இறுதியாக, ஐம்பது பேர் ஒருவர் பின் ஒருவராக மேடையேறி, ஒருவரையொருவர் கயிற்றுக்கு மேலே தூக்கி வெளியே எறியும் பெரும் போட்டி. அதில் வென்ற பிரான் ஸ்ட்ரோமனுக்குப் பச்சை நிற வாரில் கோத்த பட்டமும் கோப்பையும் வழங்கப்பட்டன.

இனிக் கணக்கைப் பாருங்கள். ஏழு பட்டங்களில் ஒன்று, வைத்திருப்பவர் எவருமின்றிக் காலியாக இருந்த இருவர் அணிப் பட்டம். எஞ்சிய ஆறு பட்டங்களும் யாரிடம் இருந்தனவோ அவர்களிடமே தங்கின. லெஸ்னரும் ரெயின்ஸும் கூண்டின் சுவரையே உடைத்துக்கொண்டு வெளியே விழுந்தார்கள். யாருடைய கால் முதலில் தரையைத் தொட்டது என்று இரசிகர்கள் வாதாடினார்கள். ஆயினும் பட்டம் லெஸ்னரிடமே நின்றது.

காலியாகக் கிடந்த அந்த ஒரு பட்டத்தின் கதை இன்னும் சுவையானது. அதற்கு மூன்று வாரங்களுக்குள் முன்பு, ஏப்ரல் 8ஆம் நாள் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் அதை வென்றவர்கள் இருவர். ஒருவர் மேற்சொன்ன ஸ்ட்ரோமன். மற்றவன் பார்வையாளர் கூட்டத்திலிருந்து அவர் கைபிடித்து அழைத்துவந்த பத்து வயதுச் சிறுவன்! அச்சிறுவன் அந்நிறுவனத்தின் நடுவர் ஒருவருடைய மகன் என்பது பின்னர் தெரிந்தது. பள்ளிக்கூடம் போக வேண்டும் என்ற காரணம் சொல்லப்பட்டு மறுநாளே பட்டம் திருப்பித் தரப்பட்டது.

நான்காம் வகுப்புப் பிள்ளை உலகப் பட்டம் வெல்வது எங்கே நடக்கும்? நாடகத்தில்தான் நடக்கும். இதை நாம் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. 1989ஆம் ஆண்டு நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன்னிலையில் அந்நிறுவனமே தன் நிகழ்ச்சி உண்மையான போட்டி அன்று, பொழுதுபோக்கே என ஒப்புக்கொண்டது. விளையாட்டுகளுக்கு உரிய அரசுக் கட்டுப்பாடுகளும் வரியும் தன் மீது விழாதிருக்கவே அவ்வாறு சொல்லியது.

வில்லனை எழுதுவது யார்?

"நாடகம்தானே, பார்த்துவிட்டுப் போகட்டும்" என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் நாடகம் என்றால் அதை எழுதும் கை ஒன்று உண்டு. அந்தக் கை யாரை நல்லவனாகவும் யாரைக் கெட்டவனாகவும் எழுதுகிறது என்று நாம் பார்க்க வேண்டாமா?

1984 ஜனவரியில் நியூயார்க் நகரில் ஹல்க் ஹோகன் முதன்முதலாக இந்நிறுவனத்தின் பட்டத்தை வென்றபோது, அவரிடம் தோற்கவேண்டியவராக நிறுத்தப்பட்டவர் 'அயர்ன் ஷேக்' என்னும் ஈரானியர். அரபியர் தலைத்துணியும் நுனி வளைந்த காலணியும் அவருக்கு வேடம். 2004இல் 'முஹம்மது ஹசன்' என்ற பெயரில் ஒரு வில்லன் உருவாக்கப்பட்டார். அவ்வேடத்தைத் தாங்கியவர் இத்தாலிய வழிவந்த ஓர் அமெரிக்கர். 2005 ஜூலை 7ஆம் நாள் லண்டனில் குண்டுகள் வெடித்தன. அதே நாளில், முகமூடியணிந்த அடியாட்களைக் கொண்டு அவர் ஒருவரைத் தாக்கும் காட்சி ஒளிபரப்பாயிற்று. எதிர்ப்பு எழுந்த பின்னரே அந்தப் பாத்திரம் திரையிலிருந்து நீக்கப்பட்டது.

ஜித்தாவிலும் இதே எழுத்துதான். சவூதி அரேபியாவின் இளம் பயிற்சியாளர் நால்வர் மேடைக்கு அழைக்கப்பட்டார்கள். அவ்வேளையில் ஈரானியக் கொடியை ஏந்தியபடி இருவர் வந்து அவர்களை இழித்துப் பேசினார்கள். சவூதி இளைஞர்கள் அவ்விருவரையும் புரட்டி எடுக்க, அரங்கம் ஆரவாரித்தது. கொடி ஏந்தி வந்த தைவாரி சகோதரர்கள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவர்கள். பெற்றோர் வழியில்தான் ஈரானியர். இரு முஸ்லிம் நாடுகளுக்கிடையே ஆறாதிருக்கும் புண்ணைக் கீறி, அதைக் கைதட்டலாக மாற்றும் வித்தை இது. கலிமா சொல்லும் நாவுகள் அங்கே ஒன்றையொன்று ஏசுவதைக் கண்டு மகிழ நம் பிள்ளைகளைப் பழக்கலாமா?

உடல் கேட்பதில்லை

எழுதிவைத்த முடிவுக்குப் பட்டங்கள் கட்டுப்படும், உடல் கட்டுப்படாது. ஐம்பது பேர் போட்டியில் ஓடிவந்த டைட்டஸ் ஓநீல் என்பவர் கால் தடுக்கி விழுந்து, மேடைக்கு அடியிலேயே சறுக்கிப் போனார். அது எவரும் எழுதிவைக்காத நிகழ்ச்சி. அவருக்குக் காயமில்லை; உலகமே சிரித்தது. ஆனால் 1999 மே 23ஆம் நாள் கன்சாஸ் சிட்டியில் அரங்கின் கூரையிலிருந்து இறக்கப்பட்ட ஓவன் ஹார்ட், 70 அடிக்கும் மேலான உயரத்திலிருந்து விழுந்து உயிரிழந்தார். அதுவும் நாடகத்தின் ஒரு பகுதியே எனக் கூட்டத்தில் பலர் எண்ணினார்கள். நிகழ்ச்சியும் நிறுத்தப்படவில்லை.

ஆகவே, "எல்லாம் பொய்" என்று சொல்வதும் பாதி உண்மையே. தூக்கப்படுபவர் தாமே எம்பிக் கொடுக்கிறார். விழுபவர் தாடையை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒருசேரத் தரையில் படும்படி விழுகிறார். இரும்புச் சட்டத்தின் மீது பலகையும், அதன் மீது மெல்லிய மெத்தையும் விரித்த மேடை அது. இவற்றைப் பழகக் கடும் பயிற்சி வேண்டும். அவ்வாறு பழகியவர்களும் முடமாகிறார்கள். உங்கள் மகனின் தம்பிக்கு அந்தப் பயிற்சியும் இல்லை. எப்போது அண்ணன் குதிப்பான் என்பதும் தெரியாது. அவன் கழுத்தெலும்பு விளையாட்டுப் பொருளன்று.

நம்மிடம் உள்ள மல்யுத்தம்

மல்யுத்தம் நமக்கு அந்நியமானதன்று. உஹதுப் போருக்குப் படை புறப்பட்ட வேளையில், இளவயதினர் சிலரை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் திருப்பி அனுப்பினார்கள். அம்பெய்வதில் வல்லவர் என்பதால் ராஃபிஉ இப்னு கதீஜ் (ரலி) அவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. தம்மால் ராஃபிஉவை மல்யுத்தத்தில் வீழ்த்த முடியும் என்று சமுரா இப்னு ஜுன்துப் (ரலி) முறையிட்டார். இருவரும் மோதினார்கள், சமுரா வென்றார், அவருக்கும் அனுமதி கிடைத்தது. வரலாற்றாசிரியர்கள் கூறும் இச்செய்தியில் கூண்டில்லை, வில்லனில்லை, முன்பே எழுதிய முடிவுமில்லை. தோற்றவர் அவமதிக்கப்படவும் இல்லை. இருவருமே சேர்ந்து புறப்பட்டார்கள். எதிரியைச் சாய்ப்பவரைவிட, கோபம் மூளும் வேளையில் தம்மை அடக்கிக்கொள்பவரையே பலசாலியாக அண்ணலார் (ஸல்) அடையாளம் காட்டியதையும் நாம் அறிவோம்.

எனவே, பெற்றோரே, அடுத்த முறை மகன் கட்டில் மீது ஏறும்போது அதட்டலோடு நின்றுவிடாதீர்கள். அருகே அமர்த்தி, ஜித்தாவின் ஏழு பட்டங்களின் கதையைச் சொல்லுங்கள். பத்து வயதுச் சாம்பியனைப் பற்றிச் சொன்னால் அவனே சிரித்துப் புரிந்துகொள்வான். "இந்தக் கதையில் கெட்டவனாக ஆக்கப்பட்டவன் யார்? ஏன்?" என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். வலிமையை வளர்க்க விரும்பினால், நல்ல ஆசானிடம் சேர்த்து முறையான குஸ்தியோ சிலம்பமோ பழகச் செய்யுங்கள். அங்கே அவன் தோற்கவும் கற்றுக்கொள்வான். எழுதிவைத்த வெற்றிகள் அதைக் கற்றுத் தருவதில்லை.

நம் மக்களுக்கு உடல் வலிமையையும், உண்மையைப் பிரித்தறியும் தெளிவையும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.