நிம்மதி விசாரணை – 17: ஒரு தொப்பியின் விலை

சென்ற வாரம் ஏணியில் விட்டோம். பூச்சியம் முதல் பத்து வரை படி வைத்து, ‘உங்கள் வாழ்க்கை இப்போது எந்தப் படியில் நிற்கிறது?’ என்று ஊர் ஊராகக் கேட்டு நாடுகளை வரிசைப்படுத்துகிறார்களே, அந்த ஏணி. 2018 தொடங்கி ஆண்டுக்காண்டு பின்லாந்துதான் முதலிடம் என்பது வரை பார்த்தோம். மற்றது தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். புதியவர்கள் பழைய இதழைத் தேடிப் பிடியுங்கள்.

தஸ்பீஹ் மணிக்கும் மூச்சுக்கும் உள்ள உறவை இந்த வாரம் எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தேன். ஆசிரியரும் தொலைபேசியில் நினைவூட்டினார். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஏணிதான் விடவில்லை.

அந்தக் கேள்வியைக் கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிக் கரையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒரு காக்காவிடமும் கேட்டுப் பார்த்தேன். வலையின் ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தவர், நான் சொல்லி முடிக்கும் வரை நிமிரவில்லை. கண்ணியில் முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்: “ஏணியெ எதுல தம்பி சாத்தியிரிக்கி? முதல்ல அதெச் செல்லுங்க.”

1965இல் இந்த ஏணியை அறிமுகப்படுத்திய ஹாட்லி கான்ட்ரில் கெட்டிக்காரர். உச்சிப் படி எது, அடிப்படி எது என்பதைப் பதில் சொல்பவரே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார். சுவரைப் பற்றி அவர் யோசித்ததாகத் தெரியவில்லை.

எல்லாம் பறிபோன ஒருவன் ஏணியை எதில் சாத்துவான்? இதற்கு ஆள் தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. கிண்ணியாவைத் தாண்டிக் கிழக்கே போனால் மூதூர். 1659 நவம்பர்ப் புயலில் பாய்மரத்தை இழந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கப்பல், பழுதுபார்க்கக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. அடுத்த ஆண்டு கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் அவருடைய 19 வயது மகனையும் சேர்த்து 16 பேரைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தலைவர் பிடிபட்டது ஒரு புளியமரத்தடியில். பின்னாளில் அங்கே நினைவுக்கல்லும் நட்டார்கள். தகப்பன் ஒரு வருடத்துக்குள் காய்ச்சலில் இறந்தார். மகன்தான் நமது றொபேட் நொக்ஸ். தொப்பி பின்னி விற்றும், நெல்லைப் பொலிக்குக் கொடுத்தும் ஏறக்குறைய 20 வருடம் காலம் தள்ளிவிட்டு, 1679இல் காட்டு வழியே நடந்து அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தான். 1681இல் இலண்டனில் அவன் புத்தகம் வந்தது.

இது பாடப்புத்தகத்தில் உள்ளதுதான். பாடப்புத்தகத்தில் இல்லாதது, அவன் மீன் பிடித்த கதை.

அப்போது அவனிடம் இரண்டே இரண்டு பக்தி நூல்கள் இருந்தன. திரும்பத் திரும்ப வாசித்து ஏறக்குறைய மனப்பாடம். ஒரு நாள் தூண்டில் போட்டுக்கொண்டிருக்கிறான். வழியில் போன கிழவர் ஒருவர், நொக்ஸிடம் வேலைக்கு நின்ற பையனைக் கூப்பிட்டு, உன் எசமான் புத்தகம் வாசிப்பாரா என்று விசாரிக்கிறார். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டுப்போன நேரத்தில் கையில் அகப்பட்ட ஒன்று வீட்டில் கிடக்கிறதாம், வாங்கிக்கொள்வதானால் தரலாமாம். போர்த்துக்கேயப் புத்தகமாக்கும் என்று நொக்ஸ் அசட்டையாகப் பையனை அனுப்புகிறான். பையன் முன்பு ஆங்கிலேயரிடம் வேலை பார்த்தவன். கையில் எடுத்ததும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. பைபிள், பைபிள் என்று கத்திக்கொண்டே ஓடிவருகிறான். தூண்டிலை வீசிவிட்டு நொக்ஸும் எதிரே ஓடுகிறான்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு இந்த வாரம் தூக்கத்தைக் கெடுத்தது. புத்தகத்தைக் கண்ட சந்தோஷம் பெரிதா, வாங்கக் காசு போதாதே என்ற பயம் பெரிதா என்று தனக்கே தெரியவில்லை என்கிறான். உலகத்தில் அவனுடையது என்று இருந்தது ஒரே ஒரு பொன் வராகன். அதை நீட்டப் போகிறான். பையன் தடுக்கிறான்: ஆசையை முகத்தில் காட்ட வேண்டாம், கிழவருக்கு முன்னால் வேண்டாவெறுப்பாக இருங்கள், நான் பேசி முடிக்கிறேன். மறையைக் கண்டு உடம்பு நடுங்கும் மனிதன், மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நிற்கிறான்! பேரம் ஒரு பின்னல் தொப்பியில் முடிந்தது. வராகன் மிச்சம். ஆன்மீகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பையனைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. என்னைக் கேட்டால் அந்தக் காட்சியில் முழுப் புத்தியோடு இருந்தவன் அவன் ஒருவன்தான்.

இந்தச் சின்னச் சம்பவத்தில் இவ்வளவு நேரம் நிற்பதற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும், நினைக்கும்போதெல்லாம் எளிதில் தாண்டிப் போக முடியவில்லை என்று நொக்ஸே எழுதியிருக்கிறான். அவனுக்குக் கிடைத்த மன்னிப்பு எனக்கும் கிடைக்கட்டும், ஏனென்றால் அவனுடைய இரண்டாவது சரக்கை இனித்தான் அவிழ்க்கப் போகிறேன்.

வடக்கே வியாபாரத்துக்குத் திரிந்த நாட்களில், சேறு கலங்கிய குட்டைத் தண்ணீரைக் குடித்து நொக்ஸுக்கும் கூட்டாளிக்கும் குளிர்காய்ச்சல் பிடித்தது. அதற்கு உள்ளூரில் ஒரு மாற்று மருந்து கண்டுகொண்டார்கள்: ஒரு காய்ந்த இலையை இடித்துத் தூளாக்கி, கருப்பட்டியோடு சேர்த்து, காலையும் மாலையும் வெறும் வயிற்றில் தின்பது. தலை சுற்றும், வேறொன்றும் செய்யாது என்று எழுதியிருக்கிறான். இலை வேறொன்றுமில்லை, கஞ்சா.

இலண்டனில் அவனுக்குக் கிடைத்த சிநேகிதர் சாதாரண ஆள் அல்ல. வில்லின் விதியைச் சொன்ன றொபேட் ஹூக். 1665இல் உருப்பெருக்கியில் தெள்ளுப்பூச்சியை வரைந்து காட்டியவர். றோயல் சொசைட்டியின் பரிசோதனைப் பொறுப்பாளர். நொக்ஸின் புத்தகத்துக்கு முன்னுரை அவர்தான். இருவரும் கோப்பிக் கடையில் சந்தித்துப் பேசுவார்கள். ஹூக்குக்கு உடம்பும் சரியில்லை, மனமும் சரியில்லை. தூக்கமின்மை, தலைவலி, நியூட்டனோடு சண்டை. நாட்டில் உள்ள மருந்தையெல்லாம் தன் மேலேயே பரீட்சித்து, எதைக் குடித்தால் எப்படித் தூங்கினேன், காலையில் மனம் எப்படி இருந்தது என்று நாட்குறிப்பில் எழுதிவைத்த மனிதர். ஏணிக்கு 300 வருடம் முந்திய நிம்மதி விஞ்ஞானி என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

1689 டிசம்பர் 18ஆம் திகதி ஹூக் றோயல் சொசைட்டியில் எழுந்து, நொக்ஸ் தந்த இலையைப் பற்றிப் பேசினார். சுங்கான் ஒன்றை நிரப்பும் அளவு தூள் போதும். சாப்பிட்டவர் கொஞ்ச நேரத்தில் தன் நினைவு இழப்பார். பார்ப்பதும் கேட்பதும் விளங்காது. ஆனால் மகா குஷி, சிரிப்பார், பாடுவார். பிறகு தூங்குவார். எழும்போது புத்துணர்ச்சி, கூடவே பயங்கரப் பசி. இடையில் நடந்தது எதுவும் ஞாபகம் இராது. சித்தம் கலங்கியவர்களுக்கு உதவுமோ என்றும் ஹூக் யோசித்தார். விதையும் கைவசம் இருந்தது, நட்டுப் பார்க்க.

விஞ்ஞானம் அந்த நூலை விடவில்லை. 1964இல் இஸ்ரேலின் றெஹோவோத்தில் றஃபாயேல் மெஷூலமும் சகாக்களும் கஞ்சாவின் போதைச் சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1992இல் அதைப்போல வேலை செய்யும் ஒரு பொருள் மூளைக்குள்ளேயே சுரக்கிறது என்று அவருடைய ஆய்வுகூடம் கண்டுபிடித்தது. ‘ஆனந்தமைட்’ என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், நம்முடைய ஆனந்தம்தான். முதலில் பிரித்தெடுத்தது பன்றியின் மூளையிலிருந்து. இதை ஒரு கிண்ணியாத் தேநீர்க்கடையில் உற்சாகமாகச் சொல்லப்போய் நாலு பேரின் முறைப்பை வாங்கிக்கொண்டேன்.

ஆக, ஒரே மனிதன் இந்தத் தீவிலிருந்து இரண்டு சந்தோஷங்களைக் கொண்டுபோயிருக்கிறான். ஒன்று நினைவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரச் சொல்வது. மற்றது, அச்சேறும்போதும் வாசகரிடம் மன்னிப்புக் கேட்க வைக்கும் அளவுக்கு நினைவில் ஒட்டிக்கொண்டது. எது உயர்ந்தது என்று பிரசங்கம் பண்ண நான் வரவில்லை. நொக்ஸுக்கு இரண்டும் தேவைப்பட்டன, காய்ச்சலுக்குக் கருப்பட்டியும் இலையும் கேட்டது. ஆனால் குறிஞ்சாக்கேணியில் இருந்துகொண்டு இதை எழுதும்போது ஒன்றை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது.

2021 நவம்பர் 23. பாலம் புதிதாகக் கட்டப்பட்டுக்கொண்டிருந்த காலம், சனங்கள் மிதவையில் களப்பைக் கடந்தார்கள். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு போன மிதவை கவிழ்ந்தது. அன்றே ஆறு பேரின் மையத்து, பாதிக்கு மேல் பிள்ளைகள். எண்ணிக்கை பிறகு கூடியது. 2009இல் திறந்த கிண்ணியாப் பாலம், 396 மீற்றர், நாட்டின் மிக நீளமான பாலம் என்று பெருமை பேசிய அதே பிரதேசத்தில்.

‘அல்லாஹ்ட நாட்டம்’ என்று அழுத ஊர்தான் அன்றைக்கே பாலம் எங்கே என்று வீதிக்கு இறங்கியது. இதில் முரண்பாடு தேடியவர்கள் வெளியூரில் இருந்து எழுதியவர்கள். ஒட்டகத்தைக் கட்டிப்போட்டுவிட்டு இறைவனை நம்பு என்ற நபிமொழியைச் சின்ன வயதிலேயே கேட்ட ஊருக்கு, கட்டாத ஒட்டகம் யாருடைய பொறுப்பு என்று கேட்கத் தெரியாதா?

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஹூக்கின் மருந்து எதற்கு? மறக்க வைப்பதுதான் நிம்மதி என்றால் அந்த உம்மா அதை வாங்கமாட்டாள். பிள்ளையின் பெயரைச் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு உலையும் வைக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்த இடத்தில் விஞ்ஞானம் ஒரு நல்ல காரியம் செய்திருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் பாவம். பெரிய அனர்த்தம் நடந்த கையோடு ஆட்களை உட்கார வைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொல்லும் ஒரே அமர்வு முறை ஒன்று முன்பு பரவலாக இருந்தது. சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், அது பின்னால் வரும் மனப்பாதிப்பைத் தடுப்பதில்லை என்று எழுதினார்கள். 2011இல் உலக சுகாதார நிறுவனமும் கூட்டாளிகளும் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு அதைக் கைவிட்டு வேறு பாதை பிடித்தது: பார், காதுகொடு, உதவியோடு சேர்த்துவிடு. வற்புறுத்திப் பேசவைக்காதே. சாப்பாடு, தண்ணீர், உறவுக்காரர், இதை முதலில் கவனி.

இதை வாசித்தபோது எனக்கு ஜஃபர் வீட்டுச் சாப்பாடு ஞாபகம் வந்தது. ஜஃபர் போரில் இறந்த செய்தி வந்ததும் நபிகளார், அவருடைய வீட்டாருக்கு உணவு சமையுங்கள், அவர்களை வேலை செய்யவிடாத துயரம் வந்திருக்கிறது என்று சொன்னார்கள். இன்றும் மையத்து வீட்டில் அடுப்பெரியாது. பக்கத்து வீடுகளில் இருந்து சஹன் வரும். மூன்று நாளுக்குப் பிறகு கத்தம் ஓதலாமா கூடாதா என்று ஊர் இரண்டுபட்டு நிற்கும், அது வேறு கதை, அதற்குள் தலையைக் கொடுக்க எனக்குத் தைரியம் போதாது. ஆனால் சஹன் விஷயத்தில் இரு தரப்பும் ஒன்று. கையேட்டுக்காரர்களும் அவர்களோடுதான்.

வைத்தியர் எல்லையில் நின்ற பழைய கதை ஒன்று. 1095இல் பக்தாதின் நிழாமிய்யாவில் இமாம் கஸ்ஸாலிக்குத் திடீரென்று நாக்கு எழவில்லை. நாட்டிலேயே பெரிய ஆசிரியர், வகுப்பில் ஒரு சொல் வரவில்லை. ஒரு மிடறு தண்ணீரும் தொண்டையில் இறங்கவில்லை. பார்த்த வைத்தியர்கள், இது உள்ளத்தில் தொடங்கி உடம்புக்குள் பரவியது, உள்ளத்தின் கவலை நீங்காமல் எங்கள் மருந்துக்கு வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். பதவியை விட்டு, வீட்டை விட்டு அவர் கிளம்பினார். பிறகு பாரசீகத்தில் ‘கீமியாயே சஆதத்’ எழுதினார்: நற்பேற்றின் ரசவாதம். கவனியுங்கள், ஆன்மீக நூலுக்கு அவர் தேடிய தலைப்பு அந்தக் காலத்து விஞ்ஞானக் கூடத்திலிருந்து வந்தது. கிரகணம் எப்படி உண்டாகிறது என்ற கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்குத்தான் கேடு செய்கிறான் என்று எழுதியவரும் இவரே. அந்தப் பெயர் தெரியாத பக்தாத் வைத்தியர்களை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கைக்கு எட்டாததை எட்டாது என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். குளிகை ஒன்று கொடுத்துக் காசு வாங்கவில்லை.

கஸ்ஸாலி தனி அத்தியாயம் கேட்கிற ஆள்; இப்படிக் கடைசிப் பக்கத்தில் நெருக்கி உட்காரவைத்ததற்கு அவருடைய வாசகர்கள் கோபிப்பார்கள். இடம் முடிந்துவிட்டது.

தஸ்பீஹ் மணிக்கு வருகிறேன், அடுத்த வாரம், நிச்சயமாக. இப்போதைக்கு ஒரு துண்டு மட்டும்: 2001இல் லூசியானோ பெர்னார்டி என்ற இத்தாலிய வைத்தியர் 23 பேரை வைத்துப் பார்த்தார். கத்தோலிக்கரின் ஜெபமாலையை லத்தீனில் சொன்னாலும், பௌத்த மந்திரத்தைச் சொன்னாலும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறாகக் குறைந்தது; இதயமும் இரத்த அழுத்தமும் அந்தத் தாளத்துக்கு வந்தன. ஜெபமாலை மேற்கே போனதில் அரபிகளுக்குப் பங்குண்டு என்றும் அந்தக் கட்டுரை பேசுகிறது. திக்ரு மஜ்லிஸில் என்ன நடக்கிறது என்று மணிக்கூட்டோடு உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டிருக்கிறேன். லெப்பை இன்னும் சரி சொல்லவில்லை. இதற்கிடையில் மூதூரிலிருந்து ஒரு வாசகர், அந்தப் புளியமரத்தைப் பற்றித் தன் பாட்டனார் சொன்னதாக நாலு பக்கத்தில் கடிதம் போட்டிருக்கிறார். அதைப் பிரித்துவிட்டேன் என்பதை ஆசிரியரிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

(தொடரும்)